எட்டு வருஷத் துண்டுப் போர்வை

ஆடி பிறந்தால் அம்மாவிடமிருந்து போன் வரும். அங்கே மழை எப்படி, பிள்ளைக்குச் சளி விட்டதா, தேங்காய் என்ன விலை என்று எல்லாம் கேட்டு முடித்து, வைப்பதற்கு முன் கடைசியாக ஒன்று கேட்பார்.

"அந்தத் துண்டுப் போர்வை என்னா ஆச்சு பாப்பா?"

கோபத்தில் கேட்பதில்லை. குத்திக் காட்டும் பழக்கமும் அம்மாவுக்கு இல்லை. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஆடி மாதக் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கும். முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய முழங்கால்கள். அதன்மேல் போட்டுக்கொள்ள ஒன்று வேண்டும், கேட்கிறார்.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த வருஷம், 2017 சித்திரையில், இந்தப் போர்வையைத் தொடங்கினேன். இந்த வருஷம் மாசியில் முடித்துக் கையில் கொடுத்தேன். இந்த ஆடிக்கு அந்தக் கேள்வி வரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

துண்டுப் போர்வைக்கு ஆங்கிலத்தில் குயில்ட் என்று பெயர். அது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்துச் செய்த முகப்பு, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. ஊசி மூன்றுக்குள்ளும் போய் வந்து அவற்றை ஒன்றாகக் கட்டிப்போடுகிற தையலுக்குத்தான் குயில்ட்டிங் என்று பெயர். துண்டுகளை இணைப்பது அதற்கு முந்தின வேலை. முதல் ஒரு வருஷம் நான் செய்ததெல்லாம் இந்த முந்தின வேலைதான். அது முடிந்தால் போர்வை முடிந்த மாதிரி என்று நினைத்திருந்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு யூடியூபில் எல்லோரும் சொல்வது ஒன்பது கட்டம். மூன்று வரிசையில் மும்மூன்று சதுரம். நாலரை அங்குலத்தில் வெட்டிய ஒன்பது துண்டு சேர்ந்தால் ஒரு பெரிய சதுரம். அப்படி இருபது பெரிய சதுரம், மொத்தம் 180 துண்டு. முதல் ஒன்பதைப் பாயில் பரப்பிவைத்தபோது அம்மா குனிந்து பார்த்தார்.

"நவக்கிரகம் மாதிரில்ல இருக்கு. நடுவுல செவப்பு வையி. சூரியன்."

கோயிலில் நவக்கிரகத்துக்கு நடுவில் சூரியன்தான், அவருக்குச் சிவப்பு வஸ்திரம்தான். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன், இருபதிலும் நடுக்கட்டம் சிவப்பு. பிறகு ஒரு நாள், அமெரிக்காவில் லொக் கேபின் என்று ஒரு பழைய மாதிரி இருப்பதையும், அதில் நடுச் சதுரத்தை வீட்டு அடுப்பின் நெருப்பு என்று சொல்லி வழக்கமாகச் சிவப்பில் வைப்பதையும் படித்தேன். அம்மாவிடம் சொன்னேன். "நெருப்பும் சூரியனும் ஒண்ணுதானே" என்றார்.

சிவப்புத் துணி வாங்கி வந்த அன்றைக்கே அம்மா இன்னொன்றும் சொன்னார். "செவப்ப நம்பாத. மொதல்ல நனைச்சுப் போடு." நனைத்தேன். தண்ணீர் நாலு தடவை ரோஸ் நிறமாக வந்து, ஐந்தாம் தடவைதான் தெளிந்தது. நனைக்காமல் தைத்திருந்தால் முதல் கழுவலிலேயே பக்கத்து வெள்ளைக் கட்டம் எல்லாம் போயிருக்கும்.

மற்றத் துண்டுகள் பல இடத்திலிருந்து வந்தவை. கீழ்வீட்டுத் தையல் அக்கா ஜாக்கெட் வெட்டியது போக மிஞ்சுவதை ஒரு பையில் போட்டு வைத்திருப்பார். எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி கார்மென்டில் வேலை செய்கிறாள், தீபாவளிக்கு வரும்போது ஒரு பொதி வெட்டுத் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். ஹட்டன் டவுனில் புடவைக்கடை நானாவிடம் கொஞ்சம் சீத்தைத் துணி வாங்கினேன். கலந்து கிடக்கும் துண்டில் எது கொட்டன், எது பொலியெஸ்டர் என்று கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்ட வேண்டும். கொட்டன் கடதாசி எரிகிற வாசத்தோடு எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிக்கொள்ளும். டீசேர்ட் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். இழுபடுகிற துணி ஒன்று நடுவில் புகுந்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல துணியையும் கோணலாக்கிவிடும். என் போர்வையில் அப்படி இரண்டு துண்டு புகுந்திருந்தன. பிறகு பிரித்து மாற்றினேன்.

2018 ஆடிக்குள் முகப்பு முழுக்கத் தைத்து முடித்துவிட்டேன். ஒரு பழைய படுக்கை விரிப்பை அடியில் போட்டு, பஞ்சு ஷீட்டை நடுவில் வைத்து, சுற்றிவரக் கொஞ்சம் ஊக்குக் குத்தி, மெஷினில் வைத்து ஓட்டினேன். என்னுடையது பழைய சிங்கர் கால் மெஷின். முதல் கோடு நன்றாகப் போயிற்று. இரண்டாவது கோடும் போயிற்று. மூன்றாவது கோடு முதல் கோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்தில் மேல்துணி அலையாகக் குவிந்து, ஊசி அந்த அலைமேலேயே ஏறித் தைத்துவிட்டது. திருப்பிப் பார்த்தேன். அடித்துணியில் மூன்று இடத்தில் சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாகத் தைபட்டிருந்தது.

அன்றிரவு முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். சுருட்டி ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்து அல்மாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். அது அங்கேயே ஆறு வருஷம் இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் வந்து நான் படிப்பிக்கும் முன்பள்ளியை மூடியபோது வாரக்கணக்கில் நேரம் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். கால் மெஷினுக்குக் கரண்டே தேவையில்லை. நேரமும் இருந்தது, மெஷினும் இருந்தது, பெட்டியை மட்டும் நான் இறக்கவில்லை. பயம்தான். 180 துண்டு வெட்டி ஒரு வருஷம் தைத்ததை ஒரே ராத்திரியில் பாழாக்கிவிடுவேன் என்ற பயம். வேறு காரணம் சொன்னால் பொய்யாகிவிடும்.

போன வருஷம் ஆனி மாதம் முன்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்று பென்சிலைப் பிடிக்க அழுதது. நான் வழக்கமாகச் செய்வதுதான், மணல் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். விரலால் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன், தட்டைக் குலுக்கி அழித்தேன், திரும்ப ஒரு கோடு. எங்கள் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும்போதும் முதல் எழுத்து அரிசியில்தான். புதுக் கொப்பியைக் கொடுத்து எழுது என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அல்மாரிமேல் இருக்கும் பெட்டி ஞாபகம் வந்தது. எனக்கு நான் மணல் தட்டே கொடுக்கவில்லை. நேரே போர்வையிலேயே எழுதிப் பழகப் பார்த்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மகளின் பழைய வெள்ளைச் சீருடைகளை வெட்டினேன். பதினாலு அங்குலச் சதுரம். பஞ்சு ஷீட்டில் அதே அளவு, அடியில் இன்னொரு வெள்ளை. மேலே கறுப்பு நூல். வெள்ளையில் கறுப்பு ஓடினால் ஒரு தையல் கோணினாலும் மறைக்க முடியாது, அதற்காகத்தான். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் திகதி எழுதினேன். கார்த்திகை வரைக்கும் 23 சதுரம் தைத்தேன். போர்வையை அதுவரை தொடவே இல்லை.

கொசுவம் எங்கிருந்து வந்தது என்பது நாலாவது சதுரத்தில் பிடிபட்டது. மெஷினில் அடியில் இருக்கும் பற்கள் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகும். மேலே இருக்கும் பாதம் மேல்துணியை அமுக்கிப் பிடிக்கும். நடுவில் பஞ்சு வழுக்கும். மூன்றும் மூன்று வேகத்தில் போவதால் மேல்துணி பிந்திப் பிந்திக் கடைசியில் ஒரு இடத்தில் குவியும். மேலேயும் இழுத்துக் கொடுக்கிற வோக்கிங் பூட் என்று ஒரு பாதம் உண்டு. என்னிடம் அது இல்லை. இல்லாமலே என்ன செய்யலாம் என்றுதான் அடுத்த ஆறு சதுரமும். மெஷின் தலையில் இருக்கும் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன், பாதத்தின் அமுக்கம் குறைந்தது. தையல் நீளத்தைக் கூட்டினேன். ஓரத்தில் மட்டும் குத்தாமல், உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு ஊக்காவது அகப்படுகிற மாதிரி நெருக்கமாகக் குத்தினேன். எப்போதும் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு வந்தேன். பத்தாவது சதுரத்தைத் திருப்பிப் பார்த்தபோது அடித்துணி பாயில் விரித்த மாதிரி சமமாக இருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். மகளைக் கூப்பிட்டு அவளையும் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

பிறகு கைத்தையல். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

ஊசி குட்டையாக இருக்க வேண்டும். குயில்ட் ஊசியில் இலக்கம் கூடக் கூட ஊசி சிறியதாகும். எட்டாம் இலக்கத்தில் தொடங்கினேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன். நூல் ஒரு முழம் போதும், நீளமாக எடுத்தால் முறுக்கிக்கொள்ளும். தேன்மெழுகில் ஒரு தரம் இழுத்துவிட்டால் சிக்காது. வளையத்தில் துணியைப் பறைத்தோல் மாதிரி விறைப்பாக இறுக்கக்கூடாது. நடுவில் விரலை வைத்தால் கொஞ்சம் குழிய வேண்டும், அந்தக் குழிவு இல்லாவிட்டால் ஊசி ஆடாது. முதல் முடிச்சை வெளியே விடுவதில்லை. தொடங்கும் இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி ஊசியை மேல்துணிக்குள்ளும் பஞ்சுக்குள்ளும் மட்டும் விட்டு, தொடங்கும் இடத்தில் எடுத்து, நூலை மெதுவாக ஒரு சுண்டு. 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். முடிச்சு துணியைத் தாண்டி உள்ளே போய்ப் பஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் தைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஊசியை நட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். நடுவிரலில் திம்பிள், ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் தொப்பி. இடது கை துணிக்கு அடியில் காத்திருக்கும். ஊசி முனை அடிவிரலைத் தொட்டதும் மேலே திம்பிளால் ஊசியின் பின்பக்கத்தைச் சாய்த்து, அடியிலிருந்து விரலால் சின்னதாக ஒரு மேடு தள்ளினால், முனை மேலே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த உடனே திரும்ப நட்டுக்குத்து. ஊசி தொட்டில் மாதிரி ஆடுகிறது, போய் வருகிறது. மூன்று நாலு தையல் ஊசியில் ஏறியதும் நூலை இழுக்கலாம். கைதேர்ந்தவர்கள் ஒரு அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு தையல் போடுவார்கள். எனக்கு ஐந்து வரும், கை நன்றாக இருக்கும் நாளில் ஆறு வரும். சிறிதாக வருவதைவிட ஒரே அளவாக வருவதுதான் முக்கியம். ஒரே அளவில் ஐந்து ஐந்தாகப் போகும் வரிசையைப் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது.

புரட்டாசியில் அம்மா வந்து நாலு நாள் இருந்தார். நான் பதினேழாவது சதுரத்தில் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்க கொண்டா" என்று வாங்கினார். திம்பிளைக் கழற்றி வைத்துவிட்டார். அம்மாவின் பெருவிரலும் சுட்டுவிரலும் கொழுந்து கிள்ளிக் கிள்ளி மரத்த விரல்கள், அவருக்கு ஊசி உறைக்கவில்லை. எனக்கு மூன்று கிழமை எடுத்த அந்த ஆட்டம் அவருக்குப் பதினைந்து நிமிஷத்தில் வந்துவிட்டது. கண் மட்டும் ஒத்துழைக்கவில்லை, நூல் கோர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தையல் கொஞ்சம் பெரிது, ஆனால் ஒன்றுக்கு ஒன்று அச்சு மாதிரி. அந்தப் பதினேழாவது சதுரத்தை நான் எதற்கும் வெட்டவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். மற்றவற்றில் சில சட்டி பிடிக்கிற துணியாகிவிட்டன, சில முன்பள்ளிப் பொம்மைகளுக்கு மெத்தையாகிவிட்டன.

நடுவில் வைக்கத் தன் கம்பளியைத் தருகிறேன் என்றார் அம்மா. மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுத்த கறுப்புக் கம்பளி. இரண்டு இருந்தது, ஒன்றைப் பூச்சி அரித்துவிட்டது. அரித்ததன் மூலையில் ஒரு துண்டு வெட்டிப் பழகு சதுரம் ஒன்று செய்து பார்த்தேன். எட்டாம் இலக்க ஊசி உள்ளே போகவே மறுத்தது. போன இடத்திலெல்லாம் கம்பளி மயிர் வெள்ளைத் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அம்மாவே தடவிப் பார்த்துவிட்டு, "குத்தும், வேணாம்" என்றார். பஞ்சு ஷீட்டையே வைத்தேன். அரிக்காத கம்பளி அம்மாவின் பெட்டியில் முழுசாக இருக்கிறது.

இந்த மாதங்களில் ராத்திரி போனில் மற்ற ஊர்ப் போர்வைகளைத் தேடித் தேடிப் பார்ப்பேன். வங்காளத்துக் காந்தா, பழைய சேலைகளை அடுக்கி வைத்து வெறும் ஓட்டுத் தையலாலேயே கட்டுகிறார்கள், பஞ்சே கிடையாது. கர்நாடகத்தில் சித்தி மக்கள் செய்யும் கவந்தி, ஓரத்தில் தொடங்கித் துண்டைச் செருகிச் செருகி நடுவுக்கு வருகிறது, தனியாக ஓரப்பட்டியே வேண்டாம். என் மனதை விட்டுப் போகாதது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த பெண்கள், வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடுப்புகளை வெட்டிப் போர்வை தைத்திருக்கிறார்கள். சட்டைப்பை இருந்த இடம் வெளுக்காமல் அடர்த்தியாகத் தெரியும், முழங்கால் இருந்த இடம் வெளுத்திருக்கும். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கொடிகளில் காயும் படங்கும் வேலைச் சட்டையும்தான் கண்ணில் வந்தது. சாயம் எங்கே போகும், துணி எங்கே தேயும் என்று எனக்கு மனப்பாடம்.

மார்கழி விடுமுறைக்குத்தான் பெட்டியை இறக்கினேன். ஈர வாடை. ஒரு மூலையில் பூஞ்சணப் புள்ளி, நல்லவேளை அது பழைய படுக்கை விரிப்பில் மட்டும். முகப்பை விரித்துப் பார்த்தால் நடு மேடாகத் தூக்கிக்கொண்டிருந்தது, ஓரம் அலை அலையாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் எனக்கு அது தெரியவே இல்லை. அளந்து பார்த்தேன். 12½ அங்குலம் இருக்க வேண்டிய பெரிய சதுரங்கள் ஒன்று 12, ஒன்று 12¼, ஒன்று சரியாக 12½. காலங்குலம் விட்டுத் தைக்க வேண்டிய இடத்தில் கண் மட்டத்துக்குத் தைத்திருக்கிறேன். பழைய வாய்ப்பாட்டில் மாகாணி என்று ஒன்று உண்டு, பதினாறில் ஒரு பங்கு. ஒரு மாகாணி அங்குலம் கூடுதலாகப் பிடித்தால் ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து அரைக்கால் அங்குலம் போய்விடும். ஒரு வரிசையில் இரண்டு தையல், கால் அங்குலம் காணாமல் போகும். நூல் பருமனில் விட்ட பிழை, போர்வையில் மேடாகக் கிளம்பி நிற்கிறது.

அப்படியே தைத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யோசித்துவிட்டு இருபதையும் தனித்தனியாகப் பிரித்தேன். எல்லாவற்றையும் 12 அங்குலத்துக்கு நறுக்கினேன். நறுக்கிய பிறகு ஒன்றின் கோடு மற்றதன் கோட்டோடு பொருந்தாது, அதனால் நடுவே இடைப்பட்டி வைத்தேன், முற்றிய தேயிலை நிறத்தில் கரும்பச்சை. பட்டி வந்து நடுவில் நின்றுவிட்டால் கோடும் கோடும் சந்திக்க வேண்டிய தேவையே இல்லை. ஊசியிலிருந்து காலங்குலம் அளந்து மெஷின் தட்டில் மருந்துக்கடைப் பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் உரசவிட்டுத் தைத்தேன். இதை 2017இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்! முடிந்த அளவு அகலம் 50½ அங்குலம், நீளம் 63½.

அடித்துணிக்கு அம்மாவின் நூல் சேலை ஒன்று. நீல நிறம், கரையில் மெல்லிய மஞ்சள் கோடு. இரண்டாக வெட்டி நீளவாக்கில் இணைத்தால் தாராளமாகக் காணும். பழைய சேலை தேய்ந்து தேய்ந்து மெதுவாகியிருப்பதால் கை ஊசிக்கு அதைவிட இதமான துணி கிடையாது. "நல்ல சேலைய வெட்டிட்டியே" என்று அம்மா ஒரு தரம் சொன்னார், பிறகு சொல்லவில்லை.

மூன்று அடுக்கையும் விரிக்க எங்கள் வீட்டில் இடம் இல்லை. ஒரு சனிக்கிழமை முன்பள்ளி மண்டபத்தைத் திறந்து, சின்ன நாற்காலிகளை ஒதுக்கி, தரையைத் துடைத்தேன். சேலையை விரித்து ஓரங்களை டேப்பால் தரையில் ஒட்டினேன், இறுக்கி இழுக்காமல், சுருக்கமும் இல்லாமல். மேலே பஞ்சு, அதன் மேலே முகப்பு. தையல் அக்காவும் வந்தார். இருவரும் இரண்டு பக்கம் முழங்காலில் நின்று இருநூறு ஊக்குக் குத்தி முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.

பச்சைப் பட்டிகளின் ஓரத்தில் மட்டும் மெஷின். இரண்டு பக்கமும் பாய் மாதிரி சுருட்டி, நடுக்கோட்டில் தொடங்கி வெளியே வெளியே வந்தேன். திருப்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். ஒரு கொசுவமும் இல்லை.

இருபது சதுரத்துக்குள்ளும் கைத்தையல், மூலைக்கு மூலை குறுக்காக. கோடு போட, தேய்ந்து மெலிந்த சவர்க்காரத் துண்டு. கழுவினால் போய்விடும், தடம் இராது. ஒரு சதுரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. இதில் ஒரு தவறு செய்தேன். ஊக்குகளைக் கழற்றாமல் கிழமைக்கணக்கில் விட்டுவிட்டேன். தை மாதம் தொடக்கத்தில் நாலு நாள் விடாமல் பனிமூட்டமும் தூறலும், வீட்டுக்குள் காற்றே ஈரம். இரண்டு ஊக்கு துருப்பிடித்து வெளிர் துணியில் பழுப்புத் தடம் வைத்துவிட்டன. மிச்சத்தை உடனே கழற்றிவிட்டு, பெரிய பெரிய தையலில் நூலோடிக் கட்டினேன். தேசிக்காயும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்ததில் ஒரு தடம் போயிற்று, மற்றது இன்னும் இருக்கிறது. நம் ஊர் ஈரத்துக்கு ஊக்கு இரண்டு மூன்று நாளைக்குத்தான் சரி. அதற்கு மேல் போகும் வேலைக்கு முதலிலேயே நூலோடிவிடுங்கள்.

ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில் ஆறு துண்டு வெட்டி, முனைகளைக் குறுக்காக இணைத்து ஒரே நீளமாக்கினேன். நேராக இணைத்தால் மடிப்பெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து தடிக்கும். நேர் ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் என்கிற சாய்வாக வெட்டிய பட்டி தேவையில்லை, அது வளைவுக்குத்தான். மூலைதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. அதை நான் துணியில் பழகவில்லை, பத்திரிகைக் கடதாசியைப் பட்டியாகக் கிழித்து மடித்துப் பழகினேன். ஓரத்துக்குக் காலங்குலம் முன்பே தையலை நிறுத்து, பட்டியைச் சாய்வாக மேலே மடி, திரும்ப நேராகக் கீழே மடி, அடுத்த பக்கத்தைத் தொடங்கு. பதினோராவது கடதாசியில் மூலை தானாக உட்கார்ந்தது. நாலு மூலையில் மூன்று கூராக வந்திருக்கின்றன.

மாசியில் வெயில் இருந்தது. கழுவி, கொடியில் தொங்கவிடாமல் புல்லில் சுத்தமான படங்கு விரித்து அதன்மேல் காயப்போட்டேன். நனைந்த போர்வை பெரிய பாரம், தொங்கவிட்டால் தையல் இழுபடும். பின்னேரம் நாலு மணிக்குள் காய்ந்துவிட்டது. ஆடியில் என்றால் நாலு நாளும் காயாது.

அடுத்த ஞாயிறு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாங்கி, முதலில் ஓரத்தைத்தான் பார்த்தார், பிறகு நடுச் சிவப்பை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு இருபது வரைக்கும் எண்ணினார்.

போன கிழமை போயிருந்தேன். மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியில் முழங்காலில் போர்வையைப் போட்டு உட்கார்ந்திருந்தார், சேலைப் பக்கம் மேலே தெரிய.

"ஏம்மா, சூரியன் எல்லாம் உள்ள போயிருச்சே?"

"அடுப்புப் பக்கம்டி. மேல போட்டா பொகை புடிக்காதா? ராத்திரிக்குத் திருப்பிக்குவேன்."

கூராக வராத அந்த நாலாவது மூலையில் ஓரப்பட்டி ஒரு விரல் அகலம் விட்டிருந்தது. பையில் ஊசி இருந்தது. அம்மா போர்வையைக் கழற்றிக் கொடுக்கவில்லை, மூலையை மட்டும் என் பக்கம் நீட்டினார். அப்படியே பக்கத்தில் குந்தித் தைத்துக் கொடுத்தேன்.